யானையடித் தோட்டம் எடுத்த 4107

4107 என்ற எண் எனக்குத் தெரிந்து லாட்டரியில் முதல் பரிசு அடித்ததே இல்லை. இரண்டாவது, மூன்றாவது, ஆறுதல் பரிசு எதிலும் விழுந்ததில்லை. விழுந்திருந்தால் நான் லங்காவியில் கடலைப் பார்த்த வீட்டில் உட்கார்ந்திருப்பேன். இதை எழுத நேரம் இருந்திருக்காது. ஆனாலும் கெடா மாநிலத்தில் அதைப் போல் வேலை செய்த எண் வேறு இல்லை என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். சத்தியம் செய்வதில் எனக்குப் பழக்கம் உண்டு.

என் பெயர் பரஞ்சோதி. வயது எழுபத்தொன்று. முப்பத்தெட்டு வருடம் லாரி ஓட்டினேன். ஒரு தடவை குரூன் இறக்கத்தில் பிரேக் இல்லாமல் போன லாரியை ஹாரன் அடித்தே நிறுத்தினேன். எதிரில் நின்ற மூன்று மாடுகள் சாட்சி. அவை இப்போது உயிரோடு இல்லை என்பதால் நீங்கள் என்னைத்தான் நம்ப வேண்டும். லாரியை விட்ட பிறகு மெர்கோங்கில், முகம்மது கவுஸ் பாயின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேன் ஓட்டப் போனேன்.

கம்பெனி விற்றது ஒரே ஒரு சாமான். ரப்பர் பால் உறையாமல் இருக்க அதில் அமோனியா கலப்பார்கள். தோட்டத்துப் பால் ஸ்டோரில் அதற்கென்று ஒரு பெரிய தொட்டி இருக்கும். தொட்டி கசிந்தால் கண் எரியும், தொண்டை அடைக்கும், அதிகமானால் ஆளே போய்விடுவான். எங்கள் புரோகிராம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தொட்டியை மோந்து பார்த்துக்கொண்டே இருக்கும். கசிவு தெரிந்தால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளின் நடுவில் கம்பத்தில் கட்டிய சைரனை அலற விடும். ஜனங்கள் ஓடிப் பிழைத்துக்கொள்ளலாம். பதினான்கு தோட்டங்கள், எல்லாம் ஒரே முதலாளிக் கூட்டத்துக்குச் சொந்தம். அவர்களுடைய தலைமை அலுவலகம் அலோர் ஸ்டாரில்.

மாதம் ஒருமுறை அந்தப் புரோகிராமின் புதுப் பதிப்பை எல்லாத் தோட்டத்திலும் போட வேண்டும். தோட்டத்து இணையத்தில் அத்தனை பெரிய சாமானை இறக்க முடியாது. ஆகவே ஒரு பென்டிரைவில் ஏற்றி என்னிடம் கொடுப்பார்கள். நான் வேனில் போய், கம்ப்யூட்டரில் செருகி, இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருப்பேன். இன்ஸ்டாலர் என்று பெயர். அது வேலையை முடித்துவிட்டு ஓர் எண்ணைச் சொல்லும். பூஜ்யம் என்றால் எல்லாம் நல்லபடி முடிந்தது என்று அர்த்தம். வேறு எண் என்றால் என்னவோ ஆகியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய பூஜ்யங்களுக்கு அந்த அர்த்தம் இருந்திருந்தால் நான் லாரி ஓட்டியிருக்க மாட்டேன்.

அந்த ஓர் எண் மட்டும், எவ்வளவு மோசமான லைனிலும், அலோர் ஸ்டாருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே மீட்டிங் அறைச் சுவரில் ஒரு பெரிய திரை. அதில் கெடா வரைபடம். தோட்டத்துக்கு ஒரு விளக்கு. பூஜ்யம் போனால் பச்சை. வேறு எது போனாலும் சிவப்பு.

எங்கள் பாஸ் தர்மலிங்கம் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தில் மேனேஜர் எதைக் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் "ஓகே பாஸ்" என்று சொல்லிவிடும் வழக்கம் உண்டு. தர்மலிங்கம் தன் இன்ஸ்டாலருக்கும் அதையே பழக்கியிருந்தார். என்ன நடந்தாலும் பூஜ்யம். நான் போன தோட்டங்களில் ஒன்றில் கம்ப்யூட்டரை இடி தாக்கி, மௌஸின் வால் கருகிக் கிடந்தது: பூஜ்யம். இன்னொன்றில் பெட்டிக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை எழுப்பாமல் போட்டேன்: பூஜ்யம். குஞ்சு பொரித்தது ஏழு. கவுஸ் பாயின் ரொட்டிக் கல்லில் செருகியிருந்தாலும் பூஜ்யம்தான் வந்திருக்கும். சூடாக வந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்ஸ்டாலரை எழுதியவள் ரூபினி. இருபத்தொன்பது வயது. சிரிக்காமல் பேசுவாள். நான் பொய் சொன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். அவள் கண்ணாடி எப்போதும் பளபளவென்று இருக்கும்.

ஒரு நாள் யானையடித் தோட்டத்துக்குப் போனேன். அங்கே யானை வந்ததே கிடையாது. ஒரு துரை குதிரையிலிருந்து விழுந்த பள்ளத்துக்கு அந்தப் பெயர். லயம், பால் ஸ்டோருக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி யோகேஸ்வரி கம்ப்யூட்டரைத் திறந்து கொடுத்தாள். போட்டேன். பூஜ்யம். வெளியே வந்து வேனை எடுக்கும்போது பார்த்தேன்: ஆபீஸிலிருந்து சைரன் கம்பத்துக்குப் போகும் ஒயர் நடுவில் அறுந்து, தரையில் கிடந்தது. குரங்குகள் ஊஞ்சல் ஆடியிருக்கின்றன.

மெர்கோங்குக்குத் திரும்பியதும் ரூபினியிடம் சொன்னேன்.

"ஒயரே இல்ல ரூபினி. உன் சாமான் ஓகேங்குது."

அவள் கண்ணாடியைத் துடைக்கவில்லை. "அங்கிள், இது நிஜமா?"

"நிஜம். குரங்கு மட்டும்தான் என் கற்பனை. ஆனா அதுவும் நிஜமா இருக்கலாம்."

அவள் நேராக பாஸ் அறைக்குப் போனாள். கதவு சாத்தவில்லை, சாத்தியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்கும்.

"பாஸ், இன்ஸ்டாலர் முடியறப்போ சைரன் பெட்டிய ஒரு தடவ கூப்பிட்டுப் பாக்கும். பதில் வரலன்னா அதுக்குன்னு ஒரு நம்பர் திருப்பி அனுப்பலாம். டிஸ்க் இடம் இல்லன்னா வேற நம்பர். பழைய புரோகிராம் மூடலன்னா வேற நம்பர். பாக்கறவங்களுக்கு என்ன கோளாறுன்னு உடனே தெரியும்லா."

"தெரிஞ்சு?"

"சரி பண்ணுவாங்க."

"மேப்ல சிவப்பு வரும்மா. சிவப்பு வந்தா அடுத்த வருஷம் நம்ம காண்ட்ராக்ட் வராது. பூஜ்யம். பூஜ்யத்த தவிர வேற எதையும் உன் சாமான் வாய்ல நான் கேக்கக் கூடாது."

"அப்ப பொய் சொல்லச் சொல்றீங்க."

"ஒரு நம்பருக்குப் போயி பொய் உண்மைங்கற. போய் வேலையப் பாரு."

ரூபினி போய் வேலையைப் பார்த்தாள். ஐந்து நாள் பார்த்தாள். அடுத்த சனிக்கிழமை காலை பென்டிரைவை என் கையில் கொடுத்தபோது கூடவே ஒரு சின்னத் தாளும் கொடுத்தாள். 4103: டிஸ்கில் இடம் இல்லை. 4107: சைரன் பதில் தரவில்லை. 4112: பழைய பதிப்பு மூடவில்லை.

"ஏன் இவ்வளவு பெரிய நம்பர்? ஒண்ணு ரெண்டு மூணுன்னு வைக்கக் கூடாதா?"

"சின்ன நம்பர் எல்லாத்துக்கும் ஏற்கெனவே வேற அர்த்தம் இருக்கு அங்கிள். நம்மளுது தனியா தெரியணும். திரையிலயும் பெருசா வரும், மேப்புக்கும் போகும்."

"பாஸ் வேலைய விட்டுத் தூக்கிருவாரு."

"தூக்கட்டும். என் பேர்ல ஒரு சாமான் போய், இல்லாத சைரன இருக்குன்னு சொல்லாது."

அன்று யானையடியில் திரை நடுவில், கை அகலத்துக்கு, சிவப்பில் வந்தது: 4107.

யோகேஸ்வரி எட்டிப் பார்த்தாள். ஸ்டோரிலிருந்து எதற்கோ வந்திருந்த அம்மாசியும் பார்த்தான். அறுபது வயது, தொட்டி வால்வைத் திறந்து மூடும் ஆள். என் பழைய கூட்டாளி. மூன்று பேரும் அந்த எண்ணைப் பார்த்தோம். ரூபினி கொடுத்த தாள் என் சட்டைப் பையில் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் அதைப் படித்துக் காட்டவும் செய்தேன். இதைப் பின்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாசி சொன்னான்: "நாலு நம்பரு."

யோகேஸ்வரி சொன்னாள்: "இன்னிக்கு சனிக்கிழம."

இது தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் நான்கு இலக்க எண் ஒன்று தானாக எதிரில் வந்து நின்றால், அதைச் சும்மா விட மாட்டோம். கார் மோதினால் முதலில் கார் நம்பரைப் பார்ப்போம், அப்புறம் ஆளைத் தூக்குவோம். கனவில் செத்த மாமன் வந்தால் எத்தனை மணிக்கு வந்தான் என்று பார்ப்போம். கம்ப்யூட்டரே கூப்பிட்டு ஓர் எண்ணைச் சொல்கிறது. அதுவும் குலுக்கல் நாளன்று. கெடாவில் சீட்டு விற்கும் நம்பர் கடைகளை மூடிவிட்டார்கள். ஆனால் கோத்தா கோலா மூடா பக்கம் போய் ஆற்றைக் கடந்தால் பினாங்கு மண், அங்கே கடை திறந்திருக்கும். வேன் என்னிடம் இருந்தது.

அன்று மத்தியானம் யானையடித் தோட்டத்துக்காக நான் பாலத்தைத் தாண்டிப் போய் 4107ஐ முப்பத்திரண்டு சீட்டு எடுத்தேன். ஆளுக்கு ஒரு சீட்டு, தனித்தனியாக. அதில் ஒன்று என்னுடையது.

விழவில்லை.

தர்மலிங்கத்துக்கு அன்று மத்தியானமே சிவப்பு விளக்கு எரிந்தது தெரிந்துவிட்டது. ரூபினியை நிற்க வைத்துக் கத்தினார். அலோர் ஸ்டாரிலிருந்து வந்த போனில் "டெஸ்டிங், டெஸ்டிங்" என்று குழைந்து, விளக்கு பச்சையாக ஒரு பூஜ்யத்தையும் அனுப்பி வைத்தார். பிறகு சசிதரன் என்ற இன்னொரு பையனைக் கூப்பிட்டு, ரூபினியின் இன்ஸ்டாலருக்கு மேல் ஓர் உறை போடச் சொன்னார். அந்த உறை செய்யும் வேலை இதுதான்: உள்ளே இருப்பதை ஓட விடும், அது என்ன எண்ணைச் சொன்னாலும் காதில் வாங்காமல், அலோர் ஸ்டாருக்குப் பூஜ்யம் அனுப்பும்.

"திரையில என்னத்த வேணா காட்டட்டும்" என்றார் பாஸ். "மேப் பச்சையா இருக்கணும். எனக்கு அவ்வளவுதான்."

அவர் விட்டுவைத்த அந்தத் திரைதான் பிறகு அவருக்கு வினையானது.

அடுத்த வாரம் இன்னொரு தோட்டத்தில் 4103 வந்தது. சனிக்கிழமை குலுக்கலில் அது மூன்றாம் பரிசு அடித்தது. அதன் பிறகு நடந்ததை நான் கூட்டிச் சொல்வதாக நினைப்பீர்கள், குறைத்துத்தான் சொல்கிறேன். பதினான்கு தோட்டத்திலும் என் வேனுக்காக ஆட்கள் வாசலில் நின்றார்கள். மாதம் ஒருமுறை வந்த புதுப் பதிப்பை வாரம் ஒருமுறை கேட்டார்கள். ஒரு தோட்டத்தில் எனக்கு மாலை போட்டார்கள். இன்னொன்றில் பென்டிரைவுக்குச் சந்தனம் வைத்தார்கள். அதைத் துடைத்த பிறகுதான் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. பூஜ்யம் வந்த தோட்டத்தில் ஜனங்கள் என்னைத் திட்டினார்கள். "எங்களுக்கு மட்டும் ஒண்ணும் வர மாட்டேங்குதே அண்ணே, எதாச்சும் ஒயர புடுங்கி விட்டுட்டுப் போடட்டுமா?" என்று ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவர் கேட்டார். கவுஸ் பாய் இதிலெல்லாம் சேர மாட்டார். ஆனால் எந்த எண் எந்தத் தோட்டத்தில் வந்தது என்று அவரைக் கேட்டால்தான் சரியாகத் தெரியும்.

யானையடியில் மட்டும் மறுபடி போட்டபோதும் அதே 4107. "விடாம கூப்பிடுது பாரேன்" என்றான் அம்மாசி. மறுபடியும் எடுத்தோம். மறுபடியும் விழவில்லை. அம்மாசி விழாத சீட்டை எறிய மாட்டான். எறிந்தால் நம்பர் கோபித்துக்கொண்டு திரும்பி வராது என்பது அவன் கட்சி. மற்றவர்கள் கசக்கிப் போட்ட சீட்டையும் பொறுக்கி, நீவி, முனீஸ்வரன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தான்.

ஒயர் தரையிலேயே கிடந்தது. அதை யாரும் கட்டவில்லை. நானும் கட்டவில்லை.

இரண்டாம் சீட்டு எடுத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, யானையடியில் தொட்டியின் வால்வு பிய்த்துக்கொண்டது. கம்ப்யூட்டர் அதைச் சரியாகக் கண்டுபிடித்து, சைரனுக்குக் கட்டளையும் கொடுத்தது. கட்டளை அறுந்த ஒயரின் நுனி வரை போய் நின்றது. லயத்தில் வேலை முடிந்து வந்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். அம்மாசி ஸ்டோரிலிருந்து முகத்தில் ஈரத்துணியோடு ஓடிவந்து, காலையில் ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிட அடிக்கும் தண்டவாளத் துண்டைக் கையில் கிடைத்த இரும்பால் அடித்தான். வாயாலும் கத்தினான். கடைசி வீடு காலியாகும் வரை கத்தினான்.

யாரும் சாகவில்லை. இருபத்தாறு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எல்லோரும் திரும்பி வந்தார்கள். அம்மாசியின் குரல் மட்டும் வரவில்லை. டாக்டர் இரண்டு மாதம் பேசக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். பேசு என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் அவனால் முடிந்திருக்காது.

மறுநாள் காலை ரூபினியின் கம்ப்யூட்டர் அவள் பாஸ்வேர்டை ஏற்றுக்கொள்ளவில்லை. அவள் எழுதியது எல்லாம் பூட்டு. தர்மலிங்கம் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, பென்டிரைவ் எல்லாம் குடுத்துருங்க" என்றார். கொடுத்தேன். அதில் முருகன் பாட்டு நூற்றெட்டு இருந்தது. இன்ஸ்டாலர் இருந்த பென்டிரைவ் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் இருந்தது. எனக்கு வயதாகிவிட்டது, ஒன்றுக்கு இன்னொன்றைக் கொடுத்துவிடுகிறேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அலோர் ஸ்டார் தலைமை அலுவலகத்தில் விசாரணை. முதல் நாள் மாலை பாஸ் ரூபினி கையில் ஒரு கடிதம் கொடுத்தார். இன்ஸ்டாலர் எந்தக் கோளாறையும் சொல்லவில்லை, அதை எழுதியவள் நான், தவறு என்னுடையது என்று அதில் இருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"இதுல சைன் பண்ணிட்டா நான் கேஸ் எதுவும் போட மாட்டேன். இல்லன்னா உனக்கு எந்த ஊர்லயும் வேலை கிடைக்காது."

வேனில் ஏறிய பிறகு ரூபினி கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போடப் போறியா?"

"போட மாட்டேன். ஆனா போடலன்னாலும் நாந்தான் பொய் சொல்றேன்னு ஆயிரும் அங்கிள். மேப்ல இருக்கறது எல்லாம் பூஜ்யம். 4107 வந்துச்சுன்னு என்கிட்ட எந்த ரெக்கார்டும் இல்ல. பாஸ்கிட்ட வாயாலதான் சொன்னேன். எல்லாத்தையும் பூட்டிட்டாங்க."

நான் வேனை ஓரம் கட்டினேன். தலைக்கு மேல் இருந்த வெயில் மறைப்பை இறக்கினேன். அதன் ரப்பர் வளையத்தில் என்னுடைய சீட்டு இருந்தது. நாள், மணி, எண் எல்லாம் அச்சில்.

அவள் அதை வாங்கிப் பார்த்தாள்.

"இந்த மாதிரி எத்தன இருக்கு?"

"யானையடி லயத்துல கேக்கணும். முனீஸ்வரன்கிட்ட."

அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உடனே சிரிப்பு நின்றுவிட்டது. "அங்கிள், அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் ஒயர கட்டாம சீட்டு எடுத்தீங்களா?"

நான் சீட்டை வாங்கி வளையத்தில் செருகிவிட்டு, வேனை யானையடிப் பக்கம் திருப்பினேன்.

செவ்வாய்க்கிழமை மீட்டிங் அறையில் நீள மேசை. ஒரு பக்கம் அந்த முதலாளிக் கூட்டத்தின் மேனேஜர்கள் ஐந்து பேர், நடுவில் பாதுகாப்பு அதிகாரி ஷம்சியா. இன்னொரு பக்கம் தர்மலிங்கமும் சசிதரனும். ஓரத்தில் ரூபினி தனியாக. சுவரில் வரைபடம், பதினான்கு பச்சை விளக்கு. அமோனியா கசிந்த யானையடியும் பச்சை.

நான் கதவைத் திறந்துகொண்டு யோகேஸ்வரியையும் அம்மாசியையும் கூட்டிப் போனேன். கீழே காவலாளி "யாரைப் பார்க்கணும்?" என்றான். "அமோனியா குடிச்ச ஆளு, உன் மேல இருமட்டுமா?" என்றேன். லிப்ட் கதவை அவனே பிடித்துக்கொண்டான்.

தர்மலிங்கம் எழுந்தார். "அண்ணே, டிரைவர் எல்லாம் கீழ இருக்கணும்."

"முப்பத்தெட்டு வருஷம் கீழதான் பாஸ் இருந்தேன். கால் வலிக்குது." நான் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். நல்ல நாற்காலி. சுற்றியது.

ஷம்சியா என்னைப் பார்த்தார். "நீங்க யாரு ஐயா?"

"இன்ஸ்டாலர பதினாலு தோட்டத்துலயும் போட்ட கை இதுதாம்மா."

"இருக்கட்டும்" என்றார் அவர். "இன்ஸ்டாலர் என்ன சொல்லிச்சு?"

"அதெல்லாம் பூஜ்யம்தான் மேடம்" என்று தர்மலிங்கம் குறுக்கே விழுந்தார். "மேப்லயே இருக்கு. கோளாறு இருந்தா அது சொல்லிருக்கணும். சொல்லல. எழுதினது இந்தப் பொண்ணு. தப்ப ஒத்துக்கிட்டு கடிதம் குடுக்கறேன்னு..."

"குடுக்கல" என்றாள் ரூபினி. "குடுக்கவும் மாட்டேன்."

அம்மாசி பேச முடியாது. அவன் எழுந்து, சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தான். சீட்டுகளை ஒவ்வொன்றாக மேசை மேல் வைத்தான். ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் நீவினான். பத்து. இருபது. ஒரு மேனேஜர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். ஐம்பத்தெட்டாவது சீட்டோடு பை காலியானது. எல்லாவற்றிலும் ஒரே எண். இரண்டே தேதி.

ஷம்சியா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "என்ன இது?"

"யானையடியில இன்ஸ்டாலர் போட்ட ரெண்டு நாளும் இதுல இருக்கு மேடம்" என்றாள் யோகேஸ்வரி. "திரையில இந்த நம்பர்தான் வந்துச்சு. தோட்டமே எடுத்துச்சு."

"மேடம், சூதாட்டச் சீட்டக் கொண்டுவந்து..." என்றார் தர்மலிங்கம்.

"முதல் தேதி சனிக்கிழம" என்றார் ஷம்சியா மெதுவாக. "அன்னிக்கு மத்தியானம் யானையடி கொஞ்ச நேரம் சிவப்பா இருந்துச்சு. நான் போன் பண்ணேன். டெஸ்டிங்னு சொன்னது நீங்கதானே சார்?"

தர்மலிங்கம் சசிதரனைப் பார்த்தார். சசிதரன் மேசையைப் பார்த்தான்.

"இந்த நம்பருக்கு என்ன அர்த்தம்?"

"சைரன் பதில் தரல" என்றாள் ரூபினி.

"அதுக்கு என்ன ஆதாரம் மேடம்? இப்ப வந்து எந்த அர்த்தம் வேணா சொல்லலாம்" என்றார் தர்மலிங்கம்.

அது நியாயமான கேள்வி. நான் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன்.

"அம்மா, இந்த ரூம்ல இருக்கற லேப்டாப்புல இத போட்டுப் பாக்கலாமா? சசி தம்பி மேல உறை போட்டதுதான். யானையடியில ரெண்டாந் தடவ போட்டது இதே சாமான்."

"அதுல முருகன் பாட்டுத்தான் இருக்கும்" என்றார் தர்மலிங்கம்.

"அது உங்கக்கிட்ட இருக்கு பாஸ். நூத்தியெட்டு."

லேப்டாப்பில் செருகினேன். இரண்டு தட்டுத் தட்டினேன். நீலப் பட்டை ஒன்று இடமிருந்து வலமாக நகர்ந்தது. பட்டை முடிந்ததும் லேப்டாப் திரையில், கை அகலத்துக்கு, சிவப்பில் 4107 வந்தது. அதே நேரத்தில் சுவரில் இருந்த கெடா வரைபடத்தில், அலோர் ஸ்டாருக்கு நேராக, பதினைந்தாவது விளக்கு ஒன்று புதிதாக எரிந்தது. பச்சை.

எல்லோரும் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

ஷம்சியா கேட்டார்: "இந்த ரூம்ல சைரன் எங்க சார் இருக்கு?"

தர்மலிங்கம் அறையைச் சுற்றிப் பார்த்தார். நிஜமாகவே தேடினார் என்று நினைக்கிறேன்.

"மேல போட்ட உறை பூஜ்யம் அனுப்பும் மேடம்" என்றான் சசிதரன். அவன் பேசியது அது ஒன்றுதான். "பாஸ் போடச் சொன்னாரு."

ஷம்சியா யோகேஸ்வரி பக்கம் திரும்பினார். "நீங்க நம்பர பாத்தீங்க. அர்த்தமும் தெரியும். ஏன் எனக்கு யாரும் போன் பண்ணல?"

யோகேஸ்வரி மேசை மேல் கிடந்த சீட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். அம்மாசி தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"நான் சொல்றேம்மா" என்றேன். "ஒயர் அறுந்து கிடந்தத மொதல்ல பாத்தது நானு. தாளப் படிச்சுக் காட்டினதும் நானு. ஏணி எடுத்து ஒயர கட்டறதுக்கு அரை மணி நேரம் ஆவும். பாலத்தத் தாண்டிப் போய் சீட்டு எடுத்துட்டு வரதுக்கு மூணு மணி நேரம் ஆச்சு. நாங்க மூணு மணி நேரத்த எடுத்துக்கிட்டோம். எழுதிக்குங்க. என் பேரு பரஞ்சோதி. ஆனா அந்தப் பொண்ணோட சாமான் ரெண்டு தடவையும் உண்மையத்தான் சொல்லிச்சு. கேக்காதது நாங்க. கேக்க விடாதது அவரு."

நான் வாழ்நாளில் கூட்டாமலும் குறைக்காமலும் சொன்னது அது ஒன்று. சொல்லி முடித்ததும் ரூபினியைப் பார்த்தேன். அவள் கண்ணாடியைத் துடைக்கவில்லை.

அவள் கடிதத்தை எடுத்தாள். கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் கிழித்திருப்பேன், அந்தத் துண்டுகள் பறந்த உயரத்தைப் பற்றி உங்களிடம் பத்து வருடம் பேசியிருப்பேன். அவள் தாளைத் திருப்பினாள். வெள்ளையான பின்பக்கத்தில் பேனாவால் எழுதினாள். 4103, 4107, 4112, இன்னும் ஒன்பது எண்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் என்ன கோளாறு, யார் சரி செய்ய வேண்டும். கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டு ஷம்சியாவின் முன்னால் தள்ளினாள்.

"சைன் கேட்டாங்க. இதுல போட்டிருக்கேன். மேப்ல இந்த நம்பர் அப்படியே வரணும் மேடம், உறை இல்லாம. வராதுன்னா வேற யாரையாச்சும் எழுதச் சொல்லுங்க. நான் எழுத மாட்டேன்."

தர்மலிங்கத்தின் காண்ட்ராக்ட் அன்றே போனது. ரூபினியை ஷம்சியா தலைமை அலுவலகத்துக்கே எடுத்துக்கொண்டார். இன்ஸ்டாலர் மேலிருந்த உறையை உரித்து எல்லாத் தோட்டத்திலும் போட்டு முடித்த அன்று, பதினான்கு விளக்கில் ஒன்பது சிவப்பாக எரிந்ததாம். மேனேஜர்களுக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லையாம்.

யானையடியில் புது வால்வு வந்தது. வால்வைத் திற என்று தோட்டத்து மேனேஜர் அம்மாசியிடம் சொன்னார். அம்மாசி ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டினான்: சைரன் கத்தட்டும். பிறகு தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். மறுநாள் லயமே வந்து அவன் பின்னால் உட்கார்ந்தது. மேனேஜர் எச்சரிக்கை மடல் கொடுத்தார். யோகேஸ்வரி அதை டைப் செய்து கொடுத்துவிட்டுத் தானும் வந்து உட்கார்ந்தாள். மூன்று நாள் பால் எடுக்கவில்லை. "எல்லாம் ஓகேதானே?" என்று மேனேஜர் கேட்டார். அத்தனை பேர் இருந்தும் ஒருவர் வாயிலிருந்தும் "ஓகே பாஸ்" வரவில்லை. நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அப்படி ஓர் அமைதியைத் தோட்டத்தில் நான் கேட்டதில்லை.

நான்காம் நாள் சனிக்கிழமை. புது ஒயர், குழாய்க்குள் போட்டுக் குரங்குக்கு எட்டாமல் கட்டியாகிவிட்டது. கட்டும்போது ஏணியைப் பிடித்தது நான். ரூபினி தானே வந்து இன்ஸ்டாலரைப் போட்டாள். 4112. கூட்டத்தில் சிலர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அம்மாசி திரும்பி ஒரு பார்வை பார்த்தான், கைகள் இறங்கின. பழைய பதிப்பை மூடிவிட்டு மறுபடி போட்டாள். 4107. கம்பத்து உச்சியில் ஒரு முடிச்சுத் தளர்ந்திருந்தது. ஏறி இறுக்கினார்கள். மூன்றாம் தடவை போட்டாள்.

சைரன் அலறியது. லயத்து நாய்கள் எல்லாம் ஓடிப்போய் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தன. பாலத்தைத் தாண்டி ஓடியதில் ஒன்று பினாங்கு நாயாகவே வந்தது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு பூஜ்யம் பச்சையாக நின்றது.

அம்மாசி எழுந்து போய் வால்வைத் திறந்தான்.

நான் வேனை எடுக்கும்போது யோகேஸ்வரி ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். கையில் பெயர்கள் எழுதிய நீளமான தாள். முதல் பெயர் அம்மாசி, கடைசிப் பெயர் ரூபினி.

"அண்ணே, பாலத்துப் பக்கம் போறீங்களா?"

அன்று யானையடித் தோட்டம் முழுவதும் 0000 எடுத்தது. விழவில்லை. என்னுடைய 4107 சீட்டு இன்னும் வேனில், வெயில் மறைப்பின் வளையத்தில் இருக்கிறது.